காலிக் கோடு

முதலில் கோலைப் போட்டுப் பார்க்க வேண்டும். துடைப்பது, எண்ணெய் போடுவது, துப்பாக்கியின் குதிரை ஏன் இப்படி இறுகிக் கிடக்கிறது என்று நோண்டுவது எல்லாம் அப்புறம். கோலைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். நாட்டுத் துப்பாக்கியில் இதுதான் கஷ்டம், பின்னால் திறந்து உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்க வழி கிடையாது. மருந்து, தேங்காய் நார், ஈய ரவை, மறுபடி நார், எல்லாம் வாய் வழியாகத்தான் போகும், வாய் வழியாகத்தான் வெளியே வரும். நடுவில் என்ன இருக்கிறது என்பது குழலுக்குத்தான் தெரியும். அதனால் எங்கள் மலையில் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் மருந்து இடிக்கிற கோலில் அரத்தால் இரண்டு கோடு ராவி வைத்திருப்பார்கள். வெறும் குழல் என்றால் கோல் அடிவரைக்கும் போகும், மேல் கோடு குழல் வாயோடு சரியாக நிற்கும். அது காலிக் கோடு. உள்ளே மருந்து இருந்தால் கோல் நாலு விரற்கடைக்கு முன்னாலேயே முட்டிக்கொள்ளும், அப்போது கீழ்க் கோடு வாயில் நிற்கும். அது கெட்டிப்புக் கோடு. கையெழுத்துப் போடத் தெரியாதவன்கூடப் படித்துவிடலாம். போடு, போட்டுப் பார் வெள்ளையா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கை போகமாட்டேன் என்கிறது.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அங்கமுத்து வீட்டுக் கூரையில் இன்னும் புகை கிளம்பவில்லை. இதை எதற்கு நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்? அங்கமுத்து என் தம்பி. கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் பன்றி வராமல் இருக்க எனக்கொரு துப்பாக்கி, அவனுக்கொரு துப்பாக்கி. தேர்தல் வந்தால் இரண்டும் மலை இறங்கிப் போய் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொள்ளும், ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் வரும். இந்தத் தடவை இரண்டரை மாதம். முந்தாநாள்தான் கொடுத்தார்கள். நேற்று அமாவாசை, அவன் இரும்பைத் தொட்டிருக்க மாட்டான். இன்றைக்குத் தொடுவான். ஸ்டேஷன் ஈரம் ஏறிய குழலைக் கட்டையிலிருந்து கழற்றி அடுப்புத் தணலில் காட்டுவான். நான் வெந்நீர் ஊற்றிக் கழுவுகிற ஆள், அவன் தணலில் காய்ச்சுகிற ஆள். தண்ணீர் பட்டால் துரு என்பான். அடிப்பக்கம் தணலுக்கு மேலே இருக்கும், வாய்ப்பக்கத்தில் துணியைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சப்பணம் போட்டு உட்கார்ந்து திருப்பித் திருப்பிக் காட்டுவான். குழலின் வாய் அவன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வெறும் குழலானால் அதில் ஒரு ஆபத்தும் இல்லை. வெறும் குழலானால்.

இதோ, மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கிறேன். எங்கே சுற்றினாலும் செக்கு மாடு அங்கேதான் வரும். கொண்டுபோய் ஒப்படைப்பதற்கு முந்தின நாள் ராத்திரி அவன் காட்டில் பன்றி புகுந்தது. நாய் குரைத்தது, அவன் அதட்டினான், அப்புறம் டிக் என்று ஒரு சத்தம். குதிரை தட்டினால் மருந்துக்கு நெருப்பு வைக்கிற கேப்பு மட்டும் வெடித்த சத்தம். சின்னச் சத்தம்தான், ஆனால் துப்பாக்கி பிடித்தவன் காதுக்குத் தப்பாது. அதற்குப் பின்னால் வரவேண்டிய பெரிய சத்தம் வரவில்லை. நமுத்துப் போய்விட்டது, மருந்து பிடிக்கவில்லை என்று படுத்தபடியே நினைத்தேன். நினைத்தேன் என்ன, சிரித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டியதுதான், இங்கே கேட்க யார் இருக்கிறார்கள்? மறுநாள் ஆறு மணி ஜீப்பில் அவன் முன்னால், நான் பின்னால். ஸ்டேஷனில் ரைட்டர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் “லோடு ஒண்ணும் இல்லல்ல?” என்று கேட்டார். “இல்லீங்க” என்றேன். பக்கத்தில் அங்கமுத்துவும் “இல்லீங்க” என்றான். ராத்திரி நமுத்த மருந்தை எப்போது எடுத்தான்? விடியும் முன் ஜீப் ஏறியவன் எந்த நேரத்தில் நாரைக் குடைந்து ரவையைக் கொட்டி மருந்தை வழித்திருப்பான்? எடுத்திருக்க மாட்டான். மறந்துவிட்டான். அவன் முகத்தில் தூக்கம்தான் இருந்தது, பொய் இல்லை. நான் வாயைத் திறந்து “டேய், பாரு” என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கெட்டித்த துப்பாக்கியைக் கொண்டுவந்தான் என்று தெரிந்தால் லைசென்ஸ் போகும், போகட்டும் என்று உள்ளே ஒருத்தன் சொன்னான். அந்த உள்ளே இருந்தவன் நான்தான். ரைட்டர் சீட்டு கட்டினார். ஒரு போலீஸ்காரர், கீழே விழுந்துகொண்டே இருக்கிறதென்று எல்லாத் துப்பாக்கியிலிருந்தும் கோலை உருவி ஒன்றாகக் கயிறு போட்டுக் கட்டினார். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டரை மாதமும் அதை நினைக்காத நாள் இல்லை. நினைக்கிற போதெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். அவனென்ன சின்னப் பிள்ளையா? முதல் வேலையாகக் கோலைப் போட்டுப் பார்ப்பான். கெட்டிப்புக் கோடு வாயில் நிற்கும். ஐயோ, மறந்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு மருந்தை எடுப்பான். கோடு சொல்லிவிடும், நான் எதற்குச் சொல்ல வேண்டும்? இந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். பொய் சொல்லவில்லை, தூக்கம் வந்தது. நேற்று மட்டும் வரவில்லை. சரி, போதும். அவன் பாட்டை அவன் பார்த்துக்கொள்வான், நீ உன் பாட்டைப் பார். கோலைக் குழல் வாயில் வைத்தேன். விட்டேன். கர கர என்று இறங்கியது. நின்றது. கோட்டைப் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். வாயோடு வாயாகக் கீழ்க் கோடு நிற்கிறது. கெட்டிப்புக் கோடு.

என் துப்பாக்கிக்குள் மருந்து. மடியில் வைத்திருக்கிறேன், வாய் என் தாடையை விட்டு ஒரு சாண் தள்ளி. மெல்ல, மெல்ல, குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி இறக்கிச் சுவர்ப்பக்கம் வாயைத் திருப்பி வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன? சமையல்கட்டு. யாரும் இல்லை, செல்வராணி கிழங்கு பிடுங்கப் போயிருக்கிறாள். இல்லை, வந்துவிட்டாளா? “செல்வராணி!” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. பெண்டாட்டி வீட்டில் இல்லை என்பதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது இன்றைக்குத்தான். நான் எப்போது கெட்டித்தேன்? போன தை மாதம் கடைசியாகச் சுட்டேன், அப்புறம் கழுவினேன், அப்புறம்... கழுவினேனா? ஒருத்தனைப் பார்த்துச் சிரித்தவனுக்கு அதே குழி. இரண்டு பேரும் ஒரே மேஜை முன்னால் நின்று இல்லீங்க, இல்லீங்க என்று சொன்னோம். அவனுடையது பொய்யென்று எனக்குத் தெரியும், என்னுடையது நிஜமென்று யார் சொன்னது? கேப்பு மாட்டும் முனையைப் பார்த்தேன், கேப்பு இல்லை. கேப்பு இல்லாவிட்டால் வெடிக்காது. வெடிக்காது என்று எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். ஆனாலும் குனிந்து அந்த முனையை இன்னொரு தடவை பார்த்தேன்.

வெந்நீர்தான் வழி. மருந்து எவ்வளவு பொல்லாததாக இருந்தாலும் தண்ணீர் குடித்துவிட்டால் சேறுதான். அடுப்பில் கிடந்த பானையிலிருந்து மொண்டு, துப்பாக்கியை மூலையில் சாய்த்து நிறுத்தி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஊற்றினேன். தண்ணி ஊத்துற துப்பாக்கி தண்ணியத்தான் கக்கும். அங்கமுத்து சொன்னது அது. அம்மா செத்த அன்றைக்கு, ஊரே கூடியிருக்கும்போது. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் பாடை எடுக்கும் முன்னால் மூத்த மகன் வேட்டு போட வேண்டும். மூன்று தடவை குதிரையை இழுத்தேன், மூன்று தடவையும் டிக், டிக், டிக். முந்தின நாள்தான் கழுவியிருந்தேன், உள்ளே ஈரம் நின்றிருக்கிறது. அவன் தன் துப்பாக்கியைத் தூக்கி வானத்தைப் பார்த்து ஒரே போடு. பள்ளம் முழுக்க அதிர்ந்தது. அப்புறம் என்னைப் பார்த்து அந்த வார்த்தை. சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள், துக்க வீட்டில் சிரிக்கக் கூடாதே. அம்மா முகத்தைக்கூட அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தைக்கு நாலு வருஷம் என்று கேட்டால் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவன் மேல் பாசம் இல்லையா என்று கேட்டால் அது வேறு கேள்வி. என் குழலின் வாயில் குளவி மண் வைத்து அடைத்தது தெரியாமல் சுட்டு, நுனி பிளந்து, நாலு விரற்கடை அறுத்துக் குட்டையாக்க வேண்டி வந்தபோது, டவுனுக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கிவந்து சமமாக இரண்டாக வெட்டி, “இந்தாண்ணா, உனக்கொரு கோலு, எனக்கொரு கோலு” என்று கொடுத்தவன் அவன்தான்.

தண்ணீர் கீழே ஓடிக்கொண்டிருந்தது. கேப்பு மாட்டும் முனையில் இருக்கிற ஊசித் துளை வழியாக முதலில் துருச் சிவப்பாக, பிறகு பழுப்பாக, பிறகு தெளிவாக. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னொரு செம்பு ஊற்றினேன், அதுவும் விறுவிறுவென்று ஓடியது. உள்ளே மருந்தும் நாரும் அடைத்திருந்தால் தண்ணீர் இப்படி ஓடாது, மேலேயே நின்றுவிடும். காலி. என் துப்பாக்கி காலி! கடவுளே, நான் கழுவித்தான் வைத்திருக்கிறேன். சத்தம் போட்டுச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போய் ஒரு வெற்றிலை போட வேண்டும், முதலில் ஒரு வெற்றிலை. எழுந்தவன் உட்கார்ந்தேன். அப்படியானால் கோடு ஏன் அப்படிச் சொன்னது? அடியில் துரு கட்டிக்கொண்டதா? நாலு விரற்கடைத் துருவா? கோலை உள்ளே விட்டுக் கோட்டருகே நகத்தால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, குழலின் மேலேயே படுக்கவைத்துப் பார்த்தேன். நுனி குழலின் அடிவரைக்கும் வந்து நின்றது. கோல் சரியாக அடியைத் தொட்டிருக்கிறது. கோல் பொய் சொல்லவில்லை, கோடுதான் பொய். என் கோடு எப்படிப் பொய் சொல்லும், நானே ராவிய கோடு? விரலால் தடவினேன். நான் ஒரு பக்கம் மட்டும்தான் ராவுவேன். இது கம்பியைச் சுற்றி வளையமாக ராவியிருக்கிறது. பொறுமையாக, அழகாக. அங்கமுத்து வேலை.

ஸ்டேஷனில் முந்தாநாள் கயிற்றை அவிழ்த்துக் கோலையெல்லாம் மேஜைமேல் பரப்பினார்கள். அங்கமுத்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்றான். அவனோடு சேர்ந்து குனிந்து தேட வேண்டுமா என்று கையில் கிடைத்த ஒன்றை உருவிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரே கம்பியில் வெட்டினது, ஒரே நீளம். மீதியிருந்ததை அவன் எடுத்துக்கொண்டு போயிருப்பான். போகட்டும், கோல் மாறினால் என்ன, திருப்பிக் கொடுத்தால் போச்சு என்று நினைத்து முடிக்கவில்லை, கோலை மறுபடி கையில் எடுத்தேன். அவன் குழல் நீளம், என்னுடையது நாலு விரற்கடை குட்டை. அவன் கோடு என் காலித் துப்பாக்கியைக் கெட்டித்தது என்று சொன்னது. என் கோடு அவன் துப்பாக்கிக்குள் போனால்? கெட்டித்த குழலில் கோல் நாலு விரற்கடை மேலே முட்டும், முட்டி நிற்கும்போது வாயில் என் காலிக் கோடு நிற்கும். மறுபடி யோசித்தேன். விரலை வைத்து அளந்து யோசித்தேன். எப்படி யோசித்தாலும் அதுதான். உள்ளே மருந்து, ஆனால் காலி என்று கோடு சொல்லும். நான் ராவிய கோடு சொல்லும். அதைப் பார்த்துவிட்டு அவன் என்ன நினைப்பான்? அன்றைக்கே எடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைப்பான். சந்தேகம் வந்தால்கூடக் கோடு அடக்கிவிடும். இரண்டரை மாதமாக நான் பிடித்துத் தொங்கிய பதில், அதுதான் இப்போது அவனை அடுப்பு முன்னால் கொண்டுபோய் உட்காரவைக்கும். தலையைத் தூக்கினேன். கூரையில் புகை வருகிறது.

மணி பத்தரை. சோறு ஆக்குகிற நேரம் இல்லை. சுள்ளிப் புகையா, தணல் புகையா? இங்கிருந்து எப்படித் தெரியும்? மருந்து ஈரமாக இருக்கும், இரண்டரை மாதம் ஊறியிருக்கும், ஒன்றும் ஆகாது. ஆனால் அவன் காய்ச்சுவதே ஈரம் போகத்தானே. காயும். காய்ந்தபின் குழல் சூடேறும். கேப்பு வேண்டியதில்லை, சூடே போதும். கத்தினால் கேட்குமா? பள்ளம் தாண்டிச் சத்தம்தான் போகும், சொல் போகாது, கத்தினால் மாட்டைக் கூப்பிடுகிறான் என்று நினைப்பான். ஓடினால் இருபத்தைந்து நிமிஷம், என் முழங்காலுக்கு அரை மணி. போன். செல்வராணியின் போன் மாடத்தில் சார்ஜில் கிடக்கிறது. எனக்குத் தெரியாமல் அவளும் அங்கமுத்து பெண்டாட்டி தைலம்மாவும் பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன், இன்றைக்கு அந்த இரண்டு பெண்களின் காலிலும் விழலாம். தைலா என்று பெயர் இருக்கிறது. விரல் அதன்மேல் நின்றது. என்ன சொல்வது? கோல் மாறிவிட்டது, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அந்தக் கோட்டை நம்பாதே என்று சொன்னால் போதும், மீதியை அவன் பார்த்துக்கொள்வான். கேப்புச் சத்தம் கேட்டதை எதற்குச் சொல்ல வேண்டும்? தம்பி சாகப்போகிறான், இவன் எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று பொறுக்கிக்கொண்டிருக்கிறான். தூ! அமுக்கினேன். மணி போகிறது. போகிறது. எடு தாயே.

“என்னக்கா, கிழங்கு பிடுங்கலையா?”

“தைலா, நான் வெள்ளையன்.”

“மாமாங்களா? என்னங்க மாமா, அக்காவுக்கு என்னாச்சு?”

“அவன் எங்க?”

“அடுப்புகிட்டத்தானுங்க உக்காந்திருக்காரு. துப்பாக்கியக் காய்ச்சிக்கிட்டு...”

“கீழ போடச் சொல்லு! வாயத் திருப்பச் சொல்லு, உள்ள மருந்து இருக்குது! தைலா, நீ நகந்துக்கோ, அவன எந்திரிக்கச் சொல்லு!”

அவள் வீறிட்டது காதைப் பிளந்தது. ஏதோ உருண்டது. அங்கமுத்துவின் குரல் தூரத்தில், எரிச்சலாக: “யாரு? அவனுக்கென்னவாம்? கோலப் போட்டுப் பாத்தேன், காலின்னுதான் நிக்குது.”

“அது என் கோலு!” என்று கத்தினேன். “கோலு மாறிப்போச்சு. அந்தக் கோட்டப் பாக்க வேண்டாம். கோல வெளிய குழல்மேல வெச்சு அளந்து பாக்கச் சொல்லு!”

தைலம்மா சொன்னாள். இரும்பு தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. அளக்கிறான். கோடு வாயில், நுனி அடிக்கு நாலு விரற்கடை இப்பால் நிற்கும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். செம்பு உருளும் சத்தம், தண்ணீர் கொட்டுகிற சத்தம், சூடான இரும்பு சீறுகிற சத்தம். நீளமாகச் சீறியது. எவ்வளவு சூடேறியிருந்தது!

தைலம்மா அழுதாள். “மாமா, நீங்க நல்லா இருப்பீங்க. பேசாம இருந்தாலும் ரத்தம் ரத்தந்தானுங்க. நீங்க மட்டும் கூப்பிடலைன்னா இன்னைக்கு என் தாலி... எங்க குலசாமி உங்க ரூபத்துல வந்திருக்குதுங்க மாமா.”

இப்படி யாராவது நன்றி சொல்வார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வைத்துவிடலாம், சிவப்புப் பொத்தானை அமுக்கினால் முடிந்தது. உயிர் தப்பிவிட்டது, நான் நல்லவனாகிவிட்டேன், பொங்கலுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள்.

அவளுக்குப் பின்னால் அங்கமுத்து பேசினான். குரலில் எரிச்சல் இல்லை, மெதுவாகப் பேசினான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

“கோலு மாறினது சரி. உள்ள மருந்து இருக்குதுன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? கேளு.”

“உசுரக் காப்பாத்தியிருக்காரு, இதென்னங்க கேள்வி?”

“கேளுங்கறேன்.”

தைலம்மா மூக்கை உறிஞ்சினாள். “ஏனுங்க மாமா, உள்ள மருந்து இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாருங்க.”

பொய் தயாராகத்தான் இருந்தது. சும்மா ஒரு சந்தேகம், மனசில் பட்டது, கனவு கண்டேன், எதைச் சொன்னாலும் இவள் நம்புவாள். அவன் நம்ப மாட்டான். அந்த ராத்திரி அவனுக்கு இப்போது ஞாபகம் வந்திருக்கும், ஸ்டேஷன் மேஜையும், பக்கத்தில் நின்ற நானும்.

“அவங்கிட்டக் குடு தைலா” என்றேன்.

போன் கை மாறியது.

“சொல்லு” என்றான்.